ஜியோகாடிக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? (போர்ட்ஸ் ஒஃப் கனடா கேட்கிற ஆக்கள் வாங்கோ)

கரையோர ரயில் · வெள்ளி இரவு 9.10

ரெண்டு கிழமையா வேலைக்குப் போய் வாற ரயிலில போர்ட்ஸ் ஒஃப் கனடா எண்ட எலக்ட்ரோனிக் பேண்டின்ர நாலு அல்பத்தையும், 1998இல இருந்து 2013 வரைக்கும் வந்த வரிசையிலயே கேட்டு முடிச்சிட்டன். வெள்ளவத்தையில ஏறினா கோட்டைக்கு இருபது நிமிஷம். கடல் பக்க யன்னல் கிடைச்சா இன்னும் விசேஷம்.

என்ர தீர்ப்பு: மியூசிக் ஹாஸ் த ரைட் டு சில்ட்ரன் முதலாவது. அதுக்குப் பிறகு ஒரு பெரிய வெளி. அதுக்குப் பிறகுதான் மற்ற மூண்டும்.

ரெண்டாவது அல்பம் ஜியோகாடியைத் தலையில தூக்கி வச்சு ஆடுற ஆக்கள் இங்க கனபேர் இருக்கிறீங்கள் எண்டு தெரியும். வாங்கோ, சண்டை பிடிப்பம். ஆனா 666, அந்தச் சாத்தான்ர இலக்கக் கதையை மட்டும் கொண்டு வராதேங்கோ. 66 நிமிஷம் 6 செக்கன் ஓடினா அல்பம் நல்லதாகிடுமே? கடைசி ட்ராக் ஒண்டே முக்கால் நிமிஷம் வெறும் மௌனம். அந்தக் கணக்கு வரோணும் எண்டுதான் அதை ஒட்டியிருக்கினம் எண்டு எனக்குப் படுது. 23 ட்ராக், அதில அரைவாசிக்குக் கிட்ட சின்னச் சின்னத் துண்டு. பாட்டு எங்க?

புதுசா வாற ஆக்களுக்கு: ஸ்கொட்லாந்துக்காரர் ரெண்டு பேர், மைக் சாண்டிசன், மார்க்கஸ் இயோன். அண்ணன் தம்பி. அதைக்கூட 2005 வரைக்கும் வெளியில சொல்லேல்லை. சின்னனில கொஞ்சக் காலம் கனடாவில இருந்தவை. அங்கத்தைத் தேசியத் திரைப்படச் சபையின்ர விவரணப் படங்களைப் பாத்து வளந்ததால இந்தப் பேர். அம்மாட்டப் பேரைச் சொன்னன். ஸ்காபரோவில நடக்கிற பட்டிமன்றமோ எண்டு கேட்டா.


அறுகோணம் · வெள்ளி இரவு 9.48

இருபது இருபது நிமிஷமா வெட்டிக் கேட்டுப்போட்டு துண்டு துண்டா இருக்கெண்டு முறைப்பாடு. அதுவும் ரயிலில. பம்பலப்பிட்டி தாண்டேக்க அடிச்ச ஹோர்னையும் ஒரு ட்ராக் எண்டு எண்ணியிருப்பீங்கள்.

அந்தச் சின்னத் துண்டுகள்தான் அல்பமே. ஒரு வீட்டுக்குள்ள போறீங்கள். பெரிய அறைகள் நாலைஞ்சு இருக்கு: மியூசிக் இஸ் மத், 1969, டோன் கோரஸ். ஆனா உங்களுக்குப் பயம் வாறது அறையில இல்லை, ஓடையில. ஒரு அறையில இருந்து மற்ற அறைக்குப் போற அந்த இருட்டு ஓடையளைத்தான் நீங்கள் துண்டு எண்டு சொல்லுறீங்கள்.

ஜூலி அண்ட் கேண்டி எப்பிடிச் செய்தவை எண்டு வாசிச்சிருக்கிறீங்களோ? குழல் ஊதி, அதை ரெண்டு ரேப் டெக்குக்கு நடுவில, டெக்கில உள்ள மைக்காலயே திரும்பத் திரும்பப் பதிஞ்சு, குழலின்ர சத்தம் கரைஞ்சு சாகப்போற இடத்தில நிப்பாட்டியிருக்கினம். மெட்டு சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி. சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி. முதல் அல்பத்தில பிள்ளையள் முத்தத்தில விளையாடுகினம். ஜியோகாடியிலயும் அதே பிள்ளையள்தான். பொழுதுபட்டிட்டுது, உள்ள வாங்கோ எண்டு கூப்பிட ஒருத்தரும் வரேல்லை.


மருதானை நானா · வெள்ளி இரவு 10.05

கேம்ப்ஃபயர் ஹெட்ஃபேஸ் என்டு ஒரு அல்பம் ஈக்கி. செல்லி வெக்கிறன். ரெண்டு பேரும் அந்தப் பேரை ஒருக்காவும் எடுக்கல்ல.


அறுகோணம் · வெள்ளி இரவு 10.07

தெரிஞ்சுதான் எடுக்கேல்லை நானா.


டைனமோ · சனி காலை 6.25

பிள்ளையள், நான் பிந்தி வந்தவன். இந்தக் கூட்டத்தில வயசு கூடினவனும் நானாத்தான் இருப்பன்.

எனக்கு இவையின்ர பாட்டு வந்த விதத்தைச் சொல்லுறன். 2004. தெகிவளையில ஒரு சேர்விஸ் கடையில நிண்டனான். கம்பஸ் பெடியன் ஒருத்தன் டெக் ஒண்டைத் திருத்தத் தந்தவன். கூடவே ஒரு கசற், "இதைப் போட்டு ரெஸ்ற் பண்ணிப் பாருங்கோ அண்ணை" எண்டு. திருத்தி முடிச்சுப் போட்டன். மெட்டு ஆடுது. நிப்பாட்டி பெல்ற்றை மாத்தினன். ஆடுது. பிஞ்ச் றோலரை ஸ்பிரிற்றால துடைச்சன், கப்ஸ்ரனைத் துடைச்சன், மோட்டரின்ர ஸ்பீட் பாத்தன். எல்லாம் சரி, பாட்டு மட்டும் ஆடுது. முக்கால் மணித்தியாலம் போச்சு. பெடியன் வந்து பாத்துச் சிரிச்சான். "அது பாட்டே அப்பிடித்தான் அண்ணை." கூலிக்குப் பதிலா அந்தக் கசற்றை வாங்கி வச்சிட்டன். பேர் ஒண்டும் எழுதேல்லை. கன வரியத்துக்குப் பிறகுதான் அது மியூசிக் ஹாஸ் எண்டு தெரிஞ்சது.

ஏன் வாங்கினன் எண்டா, அந்த ஆட்டம் எனக்குப் பழக்கம். 90இல யாழ்ப்பாணத்தில கரண்ட் போனது. பற்றரி தடை செய்த சாமான். படிப்பெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில. பாட்டுக் கேக்கோணும் எண்டா சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவைப் பின் ரயரோட முட்ட விட்டு, ஒருத்தன் பெடலைக் கையால சுத்தோணும். ஆறு வோல்ற், மூண்டு வாற்ஸ். நாலு டயோட் பிடிச்சு ரேப் றெக்கோடருக்குக் குடுக்கிறது.

கை ஓயத்தான் பாட்டு இழுபடும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். அது பாதிக் கதை. ரேப் மோட்டருக்குள்ள கவர்னர் ஒண்டு இருக்கு. வோல்ற் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஸ்பீட்டை ஒரே அளவில பிடிச்சு வச்சிருக்கும். ஒரு எல்லைக்குக் கீழ போனாத்தான் கைவிடும். நாங்கள் எந்த நேரமும் அந்த எல்லைக்குக் கிட்டத்தான் சுத்திக்கொண்டிருப்பம். அந்த நேரம் தவிலில ஒரு அடி பலமா விழுந்தா அம்பிளிபயர் கரண்டை இழுக்கும், மோட்டருக்குக் குறையும், நாதஸ்வரம் கீழ போயிட்டு வரும். ஆறு வீதம் ஸ்பீட் குறைஞ்சாலே அரைக் கட்டை இறங்கிடும். ஒவ்வொரு அடிக்கும் நாதஸ்வரம் தலையாட்டும். வித்துவான் அப்பிடித்தான் வாசிச்சவர் எண்டு நினைச்சு வளந்தம்.

கொழும்புக்கு வந்த பிறகு அதே கச்சேரியை வெள்ளவத்தையில ஒரு கடை வாசலில ஒழுங்கான ஸ்பீட்டில கேட்டன். நல்லாத்தான் இருந்தது. ஆரோ வேற ஆள் வாசிச்ச மாதிரியும் இருந்தது.


ஹட்டன் குளிர் · சனி காலை 7.02

டைனமோ அண்ணே, இதத் தனி இழையா போடுங்க. இங்க புதைஞ்சு போயிரும்.


கரையோர ரயில் · சனி காலை 8.30

அண்ணை, ரெண்டு தரம் வாசிச்சன். ஆனா ஒண்டு கேட்கிறன், கோவிக்காதேங்கோ. இது அல்பத்தின்ர பெருமையோ, உங்கட சைக்கிளின்ர பெருமையோ?

இவையைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் கடைசியில தங்கட சின்ன வயசைப் பற்றித்தான் கதைக்கினம். வெள்ளைக்காரன் எழுபதுகளின்ர பள்ளிக்கூடப் படம் எண்டுவான், நாங்கள் ஜாம் போத்தல் எண்டுவம். ஆரின்ர ஞாபகத்தைப் போட்டாலும் பொருந்துது எண்டா அது பாட்டோ, வெறும் கண்ணாடியோ? முதல் அல்பத்தின்ர அட்டையைப் பாருங்கோ. கனடாவில எடுத்த ஒரு குடும்பப் படம், எல்லாற்ற முகமும் அழிச்சிருக்கு. உங்களுக்கு விருப்பமான முகத்தை ஒட்டுங்கோ எண்டு சொல்லாமச் சொல்லியிருக்கினம். அது கெட்டித்தனம். கெட்டித்தனம் வேற.

நான் கொழும்பில பிறந்து வளந்தவன். டைனமோ சுத்தினதில்லை. எனக்கு வாய்ச்சது ரூபவாஹினி. டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில பேச வச்ச கார்ட்டூனுகளை பாதி விளங்கியும் விளங்காமலும் பாத்துச் சிரிச்ச பின்னேரங்கள். அதையும் இந்தப் பாட்டுக்குள்ள என்னால ஒட்டேலும், கஷ்டமில்லை. ஒட்டாமல் கேட்டுப் பாத்தன். அதே அல்பத்தில ராய்ஜிபிவ் எண்ட பாட்டு ரெண்டரை நிமிஷம். கீழ அந்த பேஸ் தடியனா நடந்து வருது, மேல மெட்டு அதின்ர தோளில ஏறி இருக்கிற பிள்ளை மாதிரி. ஞாபகம் ஒண்டும் வேண்டாம், அது தன்ர காலில நிக்கும். ஜியோகாடியில அப்பிடி நிக்கிற ஒண்டைக் காட்டுங்கோ.


டைனமோ · சனி காலை 9.15

கோவம் ஒண்டும் இல்லை தம்பி. கேள்வி நியாயம். அப்ப சைக்கிளை விட்டிட்டுத் தொழில்காரனாச் சொல்லுறன்.

உங்கட ராய்ஜிபிவ்வையும் டெலிஃபேசிக் வேர்க்‌ஷொப்பையும் திரும்பப் போடுங்கோ. மெட்டு ஆடும். மேளம் ஆடாது. அடி ஒவ்வொண்டும் ஆணி அடிச்ச மாதிரி வந்த இடத்தில விழும். நிசமான பழுதுபட்ட ரேப்பில இது நடக்கவே நடக்காது. நாடா ஆடினா மேளம், குழல், பாடுறவை, கைதட்டுறவை எல்லாம் சேந்துதான் ஆடுவினம். ஒரே நாடா, வேற வழி இல்லை. இவை என்ன செய்திருக்கினம் எண்டா, மெட்டை மட்டும் பழசாக்கிப்போட்டு மேளத்தைப் புதுசா விட்டிருக்கினம். ஆடுற பொருளை ஆடாத மேசையில வச்சாத்தானே ஆடுறது தெரியும். அதாலதான் அந்த அல்பம் முதல் தரமே பிடிச்சுக்கொள்ளுது. பழுதுபட்ட ரேப்பைப் பற்றின ஒரு வடிவான படம் அது. பழுதுபட்ட ரேப் இல்லை.

ஜியோகாடியில மேசையும் ஆடுது. மேளமே சேத்துக்குள்ள அடிக்கிற மாதிரி, எங்கயோ பக்கத்து வளவில அடிக்கிற மாதிரி வரும். ஜைரஸ்கோப் கேளுங்கோ, ஒரு பிள்ளை இலக்கம் சொல்லிக்கொண்டிருக்கும், சுத்தி மேளம் புரளும், பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. அதாலதான் உங்களுக்கு அது தன்ர காலில நிக்கேல்லை எண்டு படுது. நிக்கக்கூடாது எண்டுதான் செய்திருக்கினம்.

என்ர வாக்கு ஜியோகாடிக்கு.


அறுகோணம் · சனி காலை 9.21

ரயில்காரர் இப்ப கோட்டையில இறங்கி நடக்கலாம்.


கரையோர ரயில் · சனி காலை 10.40

மேளம் ஆடேல்லை எண்டதை இவ்வளவு காலமும் நான் கவனிக்கேல்லை. இப்ப போட்டுக் கேட்டன். சரிதான். ஒலிக் கலவை தெரிஞ்ச ஆக்களோட விவாதிக்கிறது இதுதான் கரைச்சல்.

ஆனாலும் அந்த மேசையை ஏன் குறையாச் சொல்லோணும்? பழுதை அப்பிடியே தாறது கலையோ, பழுதைக் கேட்கக்கூடிய மாதிரித் தாறது கலையோ? நான் முதலாவது அல்பத்தோடயே நிக்கிறன், உங்கட காரணத்தையே வச்சுக்கொண்டு.


ஹட்டன் குளிர் · சனி பகல் 12.15

நாலு அல்பத்துக்கும் வெளிய ஒண்ணு சொல்லவா? 2000ல வந்த இன் எ ப்யூட்டிஃபுல் ப்ளேஸ் அவுட் இன் த கன்ட்ரி. நாலே நாலு ட்ராக். எனக்கு அதுதான் இவங்க செஞ்சதுலயே உச்சம்.

நான் கொழும்புல வேலைக்கு வந்து பதினோரு வருஷம். ஊரு தோட்டம். மார்கழி மாசம் விடியக்காலைல கோயில் லவுட்ஸ்பீக்கர்ல பாட்டுப் போடுவாங்க. பாட்டு நேரா வராது. எதிர் மலையில பட்டு, மூடுபனியில நனைஞ்சு, கொஞ்சம் பிந்தி வரும். நேரா வர்றதும் மலை திருப்பிக் குடுக்கிறதும் ஒண்ணோட ஒண்ணு ஒரசும். லயத்து வாசல்ல கம்பளியைப் போர்த்திக்கிட்டுக் கேட்டா எந்தப் பாட்டுன்னே புரியாது, ஆனா நல்லா இருக்கும். அந்த நாலு ட்ராக்கும் எனக்கு மலை திருப்பிக் குடுத்த பாட்டு மாதிரி.

ரயில்காரர் மறுபடியும் ஞாபகம்னு திட்டுவாரு. திட்டட்டும்.


அறுகோணம் · சனி பகல் 1.30

ஹட்டன், எனக்கும் அது அப்பிடித்தான் இருந்தது, அது எதைப் பற்றினது எண்டு தெரியிற வரைக்கும்.

1993இல டெக்சாஸில வேகோ எண்ட ஊருக்குக் கிட்ட ஒரு மதக்குழு இருந்த இடத்தை 51 நாள் முற்றுகையிட்டு, கடைசி நாள் தீப்பிடிச்சு, பிள்ளையளோட சேத்து எழுபதுக்கு மேல சனம் செத்தது. அந்த நாலு ட்ராக்கில ஒண்டுக்கு ஆமோ பிஷப் ரோடன் எண்டு பேர். அந்தக் குழுவோட சம்பந்தப்பட்ட ஒரு பெண்ணின்ர பேர் அது. தலைப்புப் பாட்டில ஒரு மெஷின் குரல், வடிவான ஒரு நாட்டுப்புறத்துக்கு வந்து எங்களோட இருங்கோ எண்டு கூப்பிடுற மாதிரி வருது. ஜியோகாடியில 1969 எண்ட பாட்டிலயும் அதே குழுவைப் பற்றி ஒரு வரி இருக்கு.

இதைத் தெரிஞ்சுகொண்ட பிறகு எனக்கு ரெண்டு மூண்டு மாசம் அதைப் போடவே மனம் வரேல்லை. எரிஞ்ச இடத்துக்கு இவ்வளவு வடிவா ஒரு மெட்டுப் போடலாமோ? அம்மம்மாவின்ர வீடு வெள்ளவத்தையில. 83இல எரிஞ்சது. நான் பிறக்க முந்தி. அந்த வீட்டைப் பற்றி எங்கட வீட்டில கதைக்கிறது என்னத்தை எண்டு நினைக்கிறீங்கள்? கிணத்தடியில நிண்ட ஜம்பு மரத்தைப் பற்றி. எவ்வளவு காய்க்கும், உப்புத் தூளோட எப்பிடிச் சாப்பிடுவினம் எண்டு. நெருப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. மரம், காய், உப்புத் தூள். கேக்க வடிவாத்தான் இருக்கும். அம்மம்மா அந்தக் கதையைச் சொல்லேக்க மட்டும் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரிப்பா.

அதுக்குப் பிறகு திரும்பப் போட்டன் அந்த நாலு ட்ராக்கையும். பிழை எண்டு இப்பவும் சொல்ல வருது எனக்கு, ஆனா வாய் வருகுதில்லை. மற்றவையின்ர சாவை வச்சு ஒரு வாசனை போட்டிருக்கினம் எண்டு ஆராவது சொன்னா மறுக்கமாட்டன்.


டைனமோ · சனி பகல் 1.52

விளங்குது பிள்ளை.


புகைமூட்டம் · சனி மாலை 4.20

எனக்கு 24 வயசு. நீங்க எல்லாரும் 2005க்கு இந்தப் பக்கமே வரேல்ல. டுமோரோஸ் ஹார்வெஸ்ட் எண்டு 2013ல ஒண்டு வந்தது. அதுதான் எனக்கு முதல் அல்பம், கடைசி அல்பம் எல்லாம்.

2022 மார்ச் கடைசி. பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாள். நாங்க வெள்ளவத்தையில ஆறாம் மாடி. லிஃப்ட் இல்ல, தண்ணி மோட்டர் இல்ல, உள்ள இருந்தா வேர்வை. மொட்டை மாடிக்கு ஏறிட்டன். ஃபோனில 14 வீதம். காலி வீதிப் பக்கம் முழு இருட்டு, கடல் பக்கம் வேற இருட்டு. பெரிய ஹோட்டல், ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் ஜெனரேட்டர் வெளிச்சம் புள்ளி புள்ளியா. பக்கத்து பில்டிங் ஜெனரேட்டர் ஒரே ஸ்வரத்தில உறுமிக்கொண்டு. றீச் ஃபோர் த டெட் போட்டன். அந்தப் பாட்டு தொடங்கிறதே அப்பிடி ஒரு உறுமலிலதான், எது ஜெனரேட்டர் எது பாட்டு எண்டு பிரிக்க ஏலாது. அல்பத்தின்ர அட்டையில சான் பிரான்சிஸ்கோ நகரம் புகாருக்குள்ள பேய் மாதிரி நிக்கும். அதே மாதிரி எனக்கு முன்னால கொழும்பு.

17 ட்ராக். சரி நடுவில, ஒன்பதாவதுக்குப் பேர் கொலாப்ஸ். அதுக்கு அடுத்தது பேலஸ் போசி. அந்த இங்கிலீஷ் எழுத்துகளை மாத்தி அடுக்கினா அபோகலிப்ஸ் வரும். கடைசி ட்ராக்கின்ர ரஷ்யப் பேருக்கு அர்த்தம் செத்தவையின்ர விதை. 2013ல இருந்துகொண்டு இவங்க இதை எல்லாம் எப்பிடி... சரி, ஆருக்கும் எதிர்காலம் தெரியாது, விளங்குது. ஆனா பழசைப் பற்றி இல்லாம இனி வரப்போறதைப் பற்றி இவங்க செய்த ஒரே அல்பம் இது. அண்ணா அக்காமாரே, நீங்க எல்லாரும் பின்னால பாக்கிறீங்க.

ஃபோன் செத்தது கோல்ட் எர்த்தில. ஜெனரேட்டர் மட்டும் விடியும் வரைக்கும் ஓடினது.


கரையோர ரயில் · சனி மாலை 5.05

தம்பி, அந்த அல்பம் வாறதுக்கு முந்தி நடந்த கூத்து தெரியுமோ? நீ அப்ப சின்னப் பெடியன். 2013 ஏப்ரலில நியூ யோர்க்கில ஒரு றெக்கோட் கடையில ஆரோ ஒரு தட்டை வாங்கி வந்து போட்டா, அதில ஒரு குரல் ஆறு இலக்கம் சொல்லுது. பிறகு வேற வேற இடங்களில வேற வேற ஆறு இலக்கம். மொத்தம் ஆறு தொகுதி, 36 இலக்கம். சேத்துப் போட்டாத்தான் அல்பம் வருது எண்ட அறிவிப்பே திறக்கும். நான் ஒஃபீசில வேலையை விட்டிட்டு மூண்டு நாள் அதையே பாத்துக்கொண்டிருந்தன். மனேஜர் வந்து பின்னால நிண்டதும் தெரியேல்லை.

அதனாலயே அல்பம் வந்த நேரம் எனக்கு சப்பெண்டு போச்சு. இலக்கம் தேடினதில இருந்த பதற்றம் பாட்டில இல்லை. நீ மொட்டை மாடியில கேட்ட மாதிரி நான் கேட்கவே இல்லை எண்டு இப்ப விளங்குது.


மருதானை நானா · சனி இரவு 8.40

எல்லாரும் முடிச்சிட்டீங்களா? இப்ப நான்.

கேம்ப்ஃபயர் ஹெட்ஃபேஸ், 2005. கிட்டார் வந்ததுக்கு எல்லாரும் மூஞ்சைத் திருப்பினீங்க. ஏன்? எலக்ட்ரோனிக் பேண்ட் கிட்டார் தொட்டா தோஷமா? டைனமோ அண்ணன் செல்ற மாதிரியே அந்தக் கிட்டாரையும் நாடாவில போட்டு, வெயில்ல காயப்போட்டு, சாயம் போன ஷேர்ட் மாதிரி ஆக்கித்தான் தந்தீக்கிறாங்க.

டேவன் கௌபோய் வீடியோவ பாத்தீக்கிறீங்களா? 1960ல ஜோசஃப் கிட்டிங்கர் என்டு அமெரிக்க விமானப் படை மனுஷன் பலூன்ல ஒரு லட்சம் அடிக்கு மேல போய் அங்கால இருந்து குதிக்கிறார். நிசப் படம் அது. மொத ரெண்டு நிமிஷம் கிட்டார் சும்மா மிதக்கும். பொறகு அந்த மேளம் உடைஞ்சு விழுற இடம் ஈக்கே. வாப்பாட வேன எடுத்துக்கிட்டு கல்பிட்டிக்குப் போன ஒரு ராத்திரி, பாலாவிச் சந்தி தாண்டி, ரெண்டு பக்கமும் களப்பு, லைட் ஒன்டும் இல்ல, சரியா அந்த இடத்தில மேளம் வந்திச்சி. பக்கத்தில தூங்கிட்டு வந்த கூட்டாளி எழும்பி "டயர் வெடிச்சா?" என்டு கேட்டான்.

உங்கட மூணு அல்பமும் ஆளை ஒரு எடத்தில ஒக்கார வெச்சுப் பயம் காட்டும். இது ஒன்டுதான் பயணம் கூட்டிட்டுப் போற. கடைசிப் பாட்டு ஃபேர்வெல் ஃபயர் எட்டு நிமிஷத்துக்கு மேல அணைஞ்சு அணைஞ்சு போகும். மிச்சம் நல்லம்.


அறுகோணம் · சனி இரவு 8.58

டயர் வெடிச்சா எண்டு கேட்டதுதான் அந்த அல்பத்துக்கு வந்த ஆகச் சிறந்த விமர்சனம். பேர் சொல்லாமல் எங்கயாவது அச்சில போடுங்கோ.

சரி, ஒண்டு ஒத்துக்கொள்ளுறன். பீகொக் டெயில் நல்ல பாட்டு. ஒண்டே ஒண்டு.


மருதானை நானா · சனி இரவு 9.01

அல்ஹம்துலில்லாஹ். விடிஞ்சா ரெண்டாவதுக்கும் வருவீங்க.


டைனமோ · ஞாயிறு காலை 6.10

ஒரு உதவி கேக்க வந்தனான்.

உங்கட விவாதத்தால ராத்திரி நித்திரை வரேல்லை. எழும்பி பழைய பெட்டியைத் திறந்து 93ஆம் ஆண்டுக் கசற் ஒண்டை எடுத்தன். உள்ள அந்தச் சின்னக் கம்பளித் துண்டு, நாடாவை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிறது, பசை விட்டுக் கழண்டு போய்க் கிடந்தது. அஞ்சு திருகாணியைக் கழட்டி, நாடாச் சுருளை ரெண்டு விரலால தூக்கி வேற கசற் கூட்டுக்குள்ள மாத்தினன். இந்த வயசில கை நடுங்குது, ஒருக்கா நழுவி மடியில விழுந்தது. பிறகு ஹெட்டுக்குப் பக்கத்தில இருக்கிற சின்னத் திருகாணியை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டு போக, அடைச்ச மூக்கு விட்ட மாதிரி சத்தம் திறந்தது.

சினிமாப் பாட்டுத்தான், றெக்கோடிங் பாரில லிஸ்ற் குடுத்து அடிச்சது. ரெண்டாம் பக்கம் நடுவில பாட்டு வெட்டுப்பட்டு என்ர தங்கச்சி வாறாள். ஆறு வயசு. ஆரோ றெக்கோட் பட்டனை அமத்திக் குடுத்திருக்கினம். எண்ணுறாள். ஒண்டு, ரெண்டு எண்டு ஒழுங்காப் போய், பன்னிரண்டுக்குப் பிறகு பதினஞ்சு, பிறகு பதினாலு. முதல் அல்பத்தில அக்வேரியஸ் எண்ட பாட்டில ஒரு பெண் இலக்கம் எண்ணி எண்ணி பிறகு வரிசை குழம்பிப் போகுமே. நான் இருந்த கதிரையில இருந்து எழும்பேல்லை கன நேரம்.

பிரச்சினை என்னெண்டா, இது பதிஞ்சதும் டைனமோவில. பதியேக்க மோட்டர் மெதுவா ஓடியிருந்தா, இப்ப சரியான ஸ்பீட்டில போடேக்க குரல் மேல போகும். அவளின்ர குரல் ஏறி இறங்கி வருது. கொம்பியூட்டரில போட்டுத் திருத்தலாம் எண்டு கேள்விப்பட்டன். தெரிஞ்சவை சொல்லுங்கோ.


கரையோர ரயில் · ஞாயிறு காலை 8.12

ஏலும் அண்ணை. வழமையா என்ன செய்யிறது எண்டா, பழைய பதிவுகளில மின்சார லைனின்ர இரைச்சல் மெல்லிசாப் பதிஞ்சிருக்கும். எங்கட நாட்டில 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சல் எங்க 50இல இருந்து விலகுதோ அங்க ஸ்பீட்டும் விலகியிருக்கு எண்டு அர்த்தம். அதைப் பிடிச்சு நேராக்கினா மிச்சம் எல்லாம் தானா நேராகும். கோப்பை அனுப்புங்கோ, பின்னேரத்துக்குள்ள செய்து தாறன்.


டைனமோ · ஞாயிறு காலை 8.30

கரண்ட் இருந்தாத்தானே தம்பி இரைச்சல் இருக்கும்.


கரையோர ரயில் · ஞாயிறு காலை 8.34

ஓம். மன்னிக்கோணும் அண்ணை. யோசிக்காமல் எழுதிட்டன்.


அறுகோணம் · ஞாயிறு காலை 9.05

திருத்தாதேங்கோ அண்ணை. எது சரியான ஸ்பீட் எண்டு முடிவெடுக்க ஆர் இருக்கினம்? தங்கச்சி இப்ப எங்க?


டைனமோ · ஞாயிறு காலை 9.40

கனடாவில, பிரம்டனில. ரெண்டு பிள்ளையள். ராத்திரியே ஃபோனில அனுப்பினன். "என்னண்ணா இது, எலிக்குஞ்சு கத்துற மாதிரி" எண்டு பதில் வந்தது. பேந்து ஒரு மணித்தியாலம் கழிச்சு, "இன்னொருக்கா அனுப்பு, தெரியாமல் அழிச்சுப்போட்டன்" எண்டு.


புகைமூட்டம் · ஞாயிறு காலை 10.15

அண்ணை, அந்த எண்ணுறது எது வரைக்கும் போகுது?


மருதானை நானா · ஞாயிறு காலை 10.18

அதையும் கேட்டுச் செல்லுங்க. ஆனா இழை பூட்ட முந்தி கேம்ப்ஃபயருக்கு மூணாம் இடமாவது எழுதி வெக்கோணும்.


டைனமோ · ஞாயிறு காலை 10.50

இருபத்தேழு வரைக்கும். இருபத்தாறில குரல் மெல்லிசாத் தொடங்கி, இருபத்தேழில குருவி மாதிரி மேல மேல போய், இல்லாமப் போயிடுது.

பெடல் சுத்தினது நான்தான். கை ஓய்ஞ்சிட்டுது.